ஊசி வேண்டாம் என்றா சொன்னார்கள்? கோஷாப் பெண்களுக்கு எட்டாமல் வாசலோடு நிற்கும் தடுப்பூசிச் சேதி!

திருவண்ணாமலை:-

பஸ் நிலையச் சுவரில் போஸ்டர். ஆட்டோவில் மைக். டி.வி.யில் விளம்பரம். ரேடியோவில் பாட்டு. "தடுப்பூசி போடுங்கள்! பிள்ளையைக் காப்பாற்றுங்கள்!" என்று ஊர் முழுக்கச் சத்தம்.

கிரிவலப் பாதையில் நடப்பவர் காதில் அது விழுகிறது. தேரடி வீதிக் கடைக்காரர் காதில் விழுகிறது. ஆபீஸ் போகிற குமாஸ்தா காதிலும் விழுகிறது.

ஆனால் பள்ளிவாசலை ஒட்டிய சந்துகளில், திரை தொங்கும் வாசலுக்கு உள்ளே இருக்கும் தாயின் காதில் எப்படி விழுகிறது? விழுந்தால், அவர் அதை என்னவென்று எடுத்துக் கொள்கிறார்? இதை யாரும் கேட்பதில்லை.

முகாமில் கூட்டம் குறைந்தால் மட்டும் ஒரு பேச்சு கிளம்பும். "பாய் வீட்டுக்காரங்க போட மாட்டாங்கப்பா. அவங்க மதம் விடாது" என்பார்கள். டீக்கடை பெஞ்சிலேயே தீர்ப்பு எழுதி முடித்து விடுவார்கள்.

உண்மை அதுதானா? தமிழ்நாட்டிலும் வெளியிலும் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. அந்தப் பெண்கள் ஊசியை மறுத்ததை விட, ஊசியைப் பற்றிச் சொன்ன வாயை நம்பாததுதான் அதிகம். பல நேரங்களில் யாரும் உள்ளே வந்து சொல்லவே இல்லை.

எல்லோரும் அப்படி அல்ல

முதலில் ஒன்று. முஸ்லிம் பெண்கள் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் அல்ல. டீச்சர், நர்சு, டாக்டர் என்று வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். ஆம்பூர், வாணியம்பாடி தோல் கம்பெனிகளில் உழைக்கும் பெண்களும் உண்டு.

ஆனால் சில குடும்பங்களில் கோஷா இன்றும் இருக்கிறது. கடைகண்ணிக்கு ஆண் போவார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் பெண்ணுக்குத் துணை வேண்டும். யார் துணை வருவது என்று முடிவு செய்வது மாமியார் அல்லது கணவர். வெளியூர்ச் சேதி எல்லாம் அவர்கள் வாய் வழியாகத்தான் உள்ளே வரும்.

தயக்கமும் ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமானது அல்ல. பெரியம்மையை மாரியம்மன் கோபம் என்று நினைத்து, அம்மை குத்த வந்தவரைக் கண்டதும் கதவைச் சாத்திய காலம் இந்து வீடுகளிலும் இருந்தது. முன்னாள் முதலமைச்சர் ராஜாஜியே 1955-ல், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து எழுதினார். அவரை யாரும் "உங்கள் மதம் இப்படித்தான்" என்று கேட்கவில்லை.

2017-ல் நடந்தது என்ன?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா ஊசி முகாம் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளை வரை எல்லோருக்கும் ஒரு ஊசி. சுமார் ஒன்றே முக்கால் கோடிப் பேருக்குப் போட வேண்டும் என்று திட்டம்.

தட்டம்மை எல்லோருக்கும் தெரிந்த நோய். ருபெல்லா பலருக்குப் புதுப்பெயர். பிள்ளைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சல், தடிப்பு, அவ்வளவுதான். ஆனால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும். பிறக்கும்போதே கண்ணில் புரை இருக்கும். காது கேட்காது. இதயத்தில் ஓட்டை இருக்கலாம்.

அதாவது இது தாய்மாரைப் பற்றிய சேதி. முதலில் அவர்களிடம்தான் போயிருக்க வேண்டும். எப்படிப் போனது? பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையின் பையில் ஒரு காகிதம் வந்தது. "கையெழுத்துப் போட்டு அனுப்பவும்". என்ன ஊசி, எதற்கு, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று கேட்க எதிரே ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. "இந்த ஊசி ஆபத்து, பிள்ளைக்குப் போட விடாதீர்கள்" என்று ஒலிப்பதிவுகள் கைக்குக் கை மாறின. பயந்தவர்கள் முஸ்லிம்கள் மட்டுமா? இல்லை. சென்னையில் பெரிய பெரிய பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோரும் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது.

போனில் வந்த குரல்

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

சர்க்காரின் போஸ்டர் தெருவில் இருந்தது. வதந்தி வீட்டுக்குள் வந்தது. போஸ்டர் அச்செழுத்தில் பேசியது. வதந்தி மனுஷக் குரலில் பேசியது. அதை அனுப்பியவர் யார்? வேலூரில் கொடுத்த நாத்தனார். துபாயில் வேலை பார்க்கும் கொழுந்தன். சொந்தக்காரர் அனுப்பினால் சும்மாவா அனுப்புவார் என்ற எண்ணம்.

இன்னொரு சங்கடம் மொழி. இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகள் பலவற்றில் பேச்சு உருது. தமிழ் பேசத் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். மதரசாவில் ஓதிய பெண்ணுக்கு அரபி எழுத்து தெரியும். அவருக்குப் போய் "தட்டம்மை-ருபெல்லா ஒழிப்புத் தடுப்பூசித் திட்டம்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தால் என்ன பயன்?

வீட்டில் போன் யார் கையில் என்பதும் கேள்வி. ஆண் கையில் இருந்தால், அவர் எதைக் காட்டுகிறாரோ அதுதான் பெண்ணுக்குச் சேதி. அவர் பயந்தால் வீடே பயப்படும்.

பழைய காயம்

ஊசி என்றால் "பிள்ளை பெறும் சக்தி போய்விடும்" என்ற பயம் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழவில்லை.

1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை. வடநாட்டில் ஆட்களைப் பிடித்து இழுத்துப் போய்க் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். 1976-77 என்ற ஒரே வருடத்தில் நாடு முழுவதும் நடந்த ஆபரேஷன்கள் 80 லட்சத்துக்கு மேல். ஏழைகள், தாழ்த்தப்பட்டோர், முஸ்லிம்கள் அதிகம் சிக்கினார்கள். "சர்க்கார் ஆள் வீட்டு வாசலுக்கு வந்தால் ஏதோ வில்லங்கம்" என்ற நினைப்பு பாட்டி வாயிலிருந்து பேத்தி காதுக்கு வந்தது.

வெளிநாட்டுச் சேதியும் எண்ணெய் ஊற்றியது. 2011-ல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின்லேடன் பதுங்கிய வீட்டைத் துப்பறிய, அமெரிக்க உளவுத்துறை ஒரு டாக்டரை வைத்து மஞ்சள்காமாலை ஊசி முகாம் என்று நாடகம் நடத்தியது. அது அம்பலமானதும் அங்கே போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இனிமேல் தடுப்பூசி முகாமை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று அமெரிக்கா 2014-ல் சொல்லிவிட்டது. ஆனால் கெட்ட சேதி போன வேகத்தில் இந்த வாக்குறுதி போகவில்லை.

டி.வி. சொன்னது

கோஷாப் பெண்ணுக்கு வெளியுலகம் தெரியும் பெரிய ஜன்னல் டி.வி. அந்த டி.வி. 2020-ல் என்ன சொன்னது?

அந்த ஆண்டு மார்ச்சு மாதம் டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாத் கூட்டம் நடந்தது. போய் வந்தவர்களில் பலருக்குக் கொரோனா. உடனே சில டி.வி. சேனல்கள் ஒரு சமூகமே நோயைப் பரப்பியது போலக் கூச்சல் போட்டன. தமிழ்நாட்டில் தினமும் வந்த அரசு அறிக்கையிலும் முதலில் டெல்லிக் கூட்டம் என்று சொல்லப்பட்டது. எதிர்ப்பு வந்த பிறகு "ஒரே இடத்துத் தொற்று" என்று மாற்றினார்கள்.

2020 ஆகஸ்டில் பம்பாய் ஐகோர்ட்டின் அவுரங்காபாத் பெஞ்சு, தப்லீக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டார் மீது போட்ட வழக்குகளை ரத்து செய்தது. அவர்களைப் பலிகடா ஆக்கியதாகத் தோன்றுகிறது என்று கண்டித்தது. அந்தத் தீர்ப்பு எத்தனை வீட்டு டி.வி.யில் அதே சத்தத்தோடு ஓடியது?

அடுத்த ஜனவரியில் அதே டி.வி. "ஊசி போடுங்கள்" என்றது. நேற்று "நீ நோய் பரப்பினாய்" என்று திட்டிய வாய், இன்று "உன் நன்மைக்குத்தான்" என்றால் எந்தப் பெண் உடனே நம்புவார்?

அதன் மேல் இன்னொரு அடி. 2021 ஏப்ரல் 15-ந்தேதி நடிகர் விவேக் சென்னையில் கொரோனா ஊசி போட்டுக் கொண்டார். 17-ந்தேதி மாரடைப்பில் காலமானார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய நிபுணர் குழு பின்னால் சொன்னது. ஆனால் அதற்குள் மதவேறுபாடு இல்லாமல் தமிழ்நாடே பயந்து விட்டது.

வாசல் தாண்டிய நர்சம்மா

அப்படியானால் யார் சொன்னால் கேட்பார்கள்? இதற்குப் பதில் நம் ஊர்ச் சரித்திரத்திலேயே இருக்கிறது.

செஞ்சியைத் தாண்டினால் திண்டிவனம். 1890-களில் அங்கே ஓர் இரவு. அமெரிக்க மிஷன் டாக்டரின் மகள் ஐடா ஸ்கட்டர், அப்போது டாக்டருக்குப் படிக்காதவர். மூன்று பேர் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிமாருக்கும் பிரசவ வேதனை. "என் அப்பா வருவார்" என்றார் ஐடா. "ஆண் டாக்டர் கூடாது" என்று மூவரும் திரும்பிப் போனார்கள். காலையில் மூன்று பெண்களும் செத்துக் கிடந்தார்கள். அந்த மூவரில் ஒருவர்தான் முஸ்லிம். மற்ற இருவர் இந்து. அந்த இரவுதான் ஐடாவை டாக்டராக்கியது. 1900-ல் அவர் வேலூரில் ஆரம்பித்த சின்ன மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி.

சென்னைத் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா ஆஸ்பத்திரியைக் "கோஷா ஆஸ்பத்திரி" என்று இன்றும் சொல்கிறார்களே, அதுவும் இதே கதைதான். ஆண் டாக்டரிடம் வராத பெண்களுக்காக 1885-ல் மேரி ஷார்லிப் என்ற பெண் டாக்டர் தொடங்கியது. பெண்ணை வைத்தார்கள், பெண்கள் வந்தார்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். தமிழ்நாட்டில் புதன்கிழமை ஊசி நாள். ஐஸ் பெட்டியைத் தூக்கிக் கொண்டு தெருவுக்கே வருவார் நர்சம்மா. எந்த வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள், எந்த வீட்டில் பிள்ளைக்கு மூன்றாம் ஊசி பாக்கி என்று அவருக்கு மனப்பாடம். திரையை விலக்கி அடுப்படி வரை போகக் கூடியவர் அவர் ஒருவர்தான்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 பச்சைக் குழந்தைகள் இறந்தன. தமிழ்நாடு அதிர்ந்தது. அதன்பின் ஊருக்குள் போய் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், டாக்டர் முன்னிலையில் மட்டும் என்றார்கள். பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனால் தனியாக வெளியே போக முடியாத தாய்க்கு என்ன ஆயிற்று? ஊசி வாசலுக்கு வந்த காலம் போய், ஊசியைத் தேடிப் போகும் நிலை.

மத்திய அரசின் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒரு விஷயத்தைக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005-06-ல் 100-க்கு 81. 2015-16-ல் 70 ஆகக் குறைந்தது. மறுபடி 2019-21-ல் 89 ஆக ஏறியது. நடுவில் விழுந்ததற்குக் காரணம் பல இருக்கலாம். வாசலுக்கு வந்த ஊசி தூரம் போனதும் அதில் ஒன்று என்று எண்ண இடம் இருக்கிறது. இது எல்லா மதத்துப் பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு.

உ.பி. கற்ற பாடம்

2002-ல் இந்தியாவில் 1,600 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. அதில் 1,242 பேர் உத்தரப்பிரதேசத்தில். முஸ்லிம் குழந்தைகள் பங்கு மிக அதிகம். டி.வி.யில் அமிதாப்பச்சன் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தார். சில தெருக்களில் கதவு திறக்கவில்லை. மலடாக்கும் மருந்து என்ற வதந்திதான் காரணம்.

பிறகு வழியை மாற்றினார்கள். அந்தந்தத் தெருவிலேயே வசிக்கும் பெண்களைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தார்கள். இமாம்கள் பள்ளிவாசல் மைக்கில் அறிவித்தார்கள். அலிகார், ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தார் வீடு வீடாக வந்தார்கள். சொட்டு மருந்தை மட்டும் பேசாமல், பிள்ளையின் பேதி, காய்ச்சல், தாய்ப்பால் என்று தாய் கவலைப்படும் விஷயங்களையும் பேசினார்கள். கதவு திறந்தது.

இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளம் ஹவுரா மாவட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சின்னப் பெண் குழந்தை. 2014 மார்ச்சு 27-ந்தேதி உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்து விட்டது.

கேரளத்து மலப்புறத்தில் இதற்கு நேர்மாறு. 2016-ல் தொண்டை அடைப்பான் நோய் திரும்ப வந்து உயிர் குடித்தது. மறு வருடம் ருபெல்லா ஊசி போடப் போன சுகாதார ஊழியர்களையே அடித்தார்கள். வதந்திக்குக் கொடுத்த விலை அது.

ஹஜ் ஊசிக்கு ஏன் மறுப்பில்லை?

"மதம் தடுக்கிறது" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டுச் சான்றிதழ் காட்டினால்தான் சவுதி அரசு உள்ளே விடும். கோஷாவில் இருக்கும் வயதான அம்மாவும் சட்டைக் கையை ஒதுக்கிப் போட்டுக் கொள்கிறார். ஏன்? சொன்னது ஹஜ் கமிட்டி. கூட நிற்பது சொந்தபந்தம். காரணம் தெளிவு. அதனால் பயமில்லை.

மருந்தில் பன்றிப் பொருள் கலந்திருக்கிறதா என்ற கேள்வியும் சிலரிடம் உண்டு. அதைக் கேலி செய்யக் கூடாது. இந்தோனேசியாவில் 2018-ல் இதே கேள்வி வந்தது. அங்கே போனது நம் புனே கம்பெனி தயாரித்த ருபெல்லா ஊசிதான். அந்நாட்டு உலமா சபை ஆராய்ந்து, அதில் தடுக்கப்பட்ட பொருள் உண்டு, ஆனால் மாற்று இல்லாததாலும் பிள்ளைகள் உயிர் முக்கியம் என்பதாலும் போட்டுக் கொள்ள அனுமதி உண்டு என்று பத்வா கொடுத்தது. கேள்வியை மறைக்கவில்லை. நேராகப் பதில் சொன்னார்கள்.

முஸ்லிம் நாடுகளுக்கு ஊசி அந்நியமும் அல்ல. 1717-ல் துருக்கி போன ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி மாண்டேகு, அங்கே வயதான பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பெரியம்மைக்குப் பால் குத்துவதைப் பார்த்து அசந்து போனார். அந்த வித்தையை லண்டனுக்குக் கொண்டு போனவர்களில் அவர் முக்கியமானவர். வீட்டுக்குள் பெண்ணுக்குப் பெண் செய்த வைத்தியம் அது.

அடுத்த சோதனை

இதைவிட நுணுக்கமான விஷயம் ஒன்றும் இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியைச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போட, தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. 14 வயதுக்குள் போட்டுக் கொள்வது நல்லது என்று சொல்லப்படும் ஊசி.

அந்த வயதில்தான் சில வீடுகளில் பெண்பிள்ளையை வெளியே அனுப்புவது குறையும். "கருப்பை" என்ற வார்த்தையை மைக்கில் கேட்டதும், "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இது எதுக்கு?" என்று எந்த வீட்டிலும் கேட்பார்கள். மலடு வதந்தி மறுபடி தலைதூக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. ஆட்டோ மைக்கில் கத்தி இதைச் சாதிக்க முடியாது.

என்ன செய்யலாம்?

செலவு பெரிதல்ல. மைக்குக்கு முன்னால் ஆளை அனுப்ப வேண்டும். தெரிந்த நர்சம்மா, அங்கன்வாடி டீச்சர், மதரசாவில் ஓதிக் கொடுக்கும் ஆலிமா ஆகியோர் சேர்ந்து, ஒரு வீட்டுக் கூடத்தில் பத்துப் பெண்களை உட்கார வைத்துப் பேசினால் போதும். மாமியாரையும் கூப்பிட வேண்டும். அவரை விட்டுவிட்டு மருமகளிடம் பேசிப் பயனில்லை.

"நர்சம்மா, ஊசி போட்டா காய்ச்சல் வருமா?" என்று கேட்டால், "வராது" என்று பொய் சொல்லக் கூடாது. "வரும்மா, ஒரு நாள் ரெண்டு நாள் இருக்கும், இந்த மாத்திரை கொடு, அதுக்கு மேல இருந்தா எனக்குப் போன் பண்ணு" என்று சொல்ல வேண்டும். சொன்னபடி காய்ச்சல் வந்து சொன்னபடி இறங்கினால், அடுத்த தடவை அந்தத் தாயே பக்கத்து வீட்டுக்குச் சேதி சொல்வார்.

வாட்ஸ்அப்பில் பொய் குரலாக வந்தால், மெய்யும் குரலாகவே போகட்டும். உருதுவில் ஒன்று, தமிழில் ஒன்று. பேசுவது அந்த ஊர்ப் பெண் டாக்டராக இருக்கட்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வரும் ஆண்களிடம் பள்ளிவாசலில் ஒரு வார்த்தை சொல்லட்டும். வீட்டுப் போன் அவர்கள் கையில்தானே இருக்கிறது!

பத்திரிகைக்கும் டி.வி.க்கும் ஒரு கடமை உண்டு. கூட்டம் குறைந்த முகாமைக் காட்டி ஒரு சமூகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். ஆனால் அந்தச் சேதியும் திரைக்குப் பின்னால் இருக்கும் தாயின் காதுக்குப் போகிறது. அடுத்த தடவை கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்திக் கொள்ளும். தட்டம்மைக் கிருமிக்கு வேண்டியது ஊசி போடாத ஒரு பிள்ளை. அங்கே பிடித்தால் பள்ளிக்கூடத்துக்குப் போகும், பஸ்சில் ஏறும், எல்லோர் வீட்டுக்கும் வரும்.

வருகிற புதன்கிழமையும் ஊசி நாள்தான். நர்சம்மா ஐஸ் பெட்டியோடு தெருமுனையில் திரும்புவார். செவ்வாய்க்கிழமையே யாராவது ஒரு பெண் அந்தத் திரையைத் தாண்டிப் போய் விஷயத்தைச் சொல்லியிருந்தால், அவர் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்திருக்கும்.